அந்த முகத்துக்குப் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆஸ்கர் மிஷோ பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. அமெரிக்காவில் பெரிய ஸ்டுடியோக்களின் தயவு இல்லாமல் சொந்தமாகப் படம் எடுத்த கறுப்பினத்தவர்களில் முன்னோடி அவர். ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துப் பிழைத்தார். தரிசு நிலம் வாங்கி உழுதார். தானே நாவல் எழுதி வீடு வீடாகப் போய் விற்றார். அந்த நாவலையே படமாக்க விவசாயிகளிடமும் சிறு வியாபாரிகளிடமும் பங்குப் பணம் திரட்டினார். இவ்வளவையும் நல்லபடியாகவே எழுதியிருந்தீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

என் குறை பக்கத்தின் நடுவில் இருந்த புகைப்படத்தைப் பற்றியது. கால் பக்கத்துக்கு ஒரு பெண்ணின் முகம். அதன் கீழே 'மிஷோ இயக்கிய படத்தில் ஒரு காட்சி' என்று போட்டிருந்தீர்கள். நான் நாற்பது ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள். விட்டுப்போன பதிவு எங்கே இருந்தாலும் என் கண் அங்கே போய் நின்றுவிடும். கட்டுரையில் மிஷோவின் பெயர் இருபத்திரண்டு இடங்களில் வருகிறது. புகைப்படத்தில் இருக்கும் பெண்ணின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 'கதாநாயகி' என்று ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் அடைப்புக்குறிக்குள்.

அவர் பெயர் ஈவ்லின் பிரீர்.

எனக்கும் இது இந்த வயதில் தெரிந்ததுதான். போன ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மகள் வயிற்றுப் பேத்தி கணினியில் ஒரு பழைய மௌனப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்களாம். "அம்மாயி, பேச்சே இல்லாத படம். நீங்களும் வாருங்கள், எழுத்து வரும்போது நான் தமிழில் சொல்கிறேன்" என்றாள். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் தட்டோடு போய் உட்கார்ந்தேன். படம் முடிகிற வரைக்கும் ஒரு தழையைக்கூட ஆயவில்லை.

படத்தின் பெயர் 'விதின் அவர் கேட்ஸ்'. 1920 ஜனவரியில் சிகாகோவில் வெளியானது. அந்த ஊரில் அதற்கு ஆறு மாதம் முன்புதான் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே பெருங்கலவரம் நடந்து 38 பேர் செத்திருந்தார்கள். இந்தப் படத்தைக் காட்டினால் மறுபடியும் தீப்பிடிக்கும் என்று தணிக்கை வாரியம் முதலில் அனுமதி மறுத்தது. பிறகு வெட்டி வெட்டிக் காட்டினார்கள். ஈவ்லின் பிரீர் இதில் சில்வியா லாண்ட்ரி என்ற ஆசிரியை. தெற்கே கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் ஏழைப் பள்ளி ஒன்று பணமில்லாமல் மூடப்படும் நிலையில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற அவள் பாஸ்டன் நகரத்துக்குப் போய்ப் பணம் திரட்டுகிறாள். மேல் கதை இவ்வளவுதான். அவளுடைய பழைய வாழ்க்கை படத்தின் கடைசிப் பகுதியில்தான் திறக்கிறது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரக் கும்பல் தூக்கிலிடும் காட்சியைப் பற்றி எழுதுகிறார்கள். தாங்களும் எழுதியிருந்தீர்கள். எனக்குத் தொண்டை அடைத்த இடம் அதற்கு முந்தியது. சில்வியாவை எடுத்து வளர்த்த அப்பா குத்தகை விவசாயி. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் வீட்டுக் கணக்கை அவள் பார்க்கிறாள். அப்பா அந்தக் கணக்கை நம்பி நில முதலாளியிடம் தீர்த்துக்கொள்ளப் போகிறார். கணக்கோடு வந்து நிற்கும் கறுப்பனைக் கண்டு முதலாளிக்கு ஆத்திரம் பொங்குகிறது. அந்த நேரம் பார்த்து, முதலாளியால் ஏமாற்றப்பட்ட ஒரு வெள்ளைக்காரன் ஜன்னல் வழியாகச் சுடுகிறான். பழி அப்பாவின் மேல் விழுகிறது. அம்மாவையும் அப்பாவையும் கும்பல் இழுத்துப் போகிறது. அதே நேரத்தில் முதலாளியின் தம்பி சில்வியாவை ஓர் அறையில் மடக்குகிறான். இங்கே கயிறு, அங்கே அந்த அறை என்று மாறி மாறிக் காட்டுகிறார் மிஷோ. ஈவ்லின் அங்கே மேஜையைச் சுற்றிச் சுற்றிப் போராடுகிறார். கடைசியில் அவள் மார்பிலிருக்கும் தழும்பைப் பார்த்து, அவள் தன் சொந்த மகள் என்று அவன் தெரிந்துகொள்கிறான். பேத்தி எழுத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்தக் கணக்கு நோட்டு என்னை ஏன் அப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கடைசியில் நான் கேட்கப்போவது விளங்கும்.

என் அப்பா சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு வேலை செய்தார். பட்டறையில் காலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள். முடித்த கொலுசை நிறுத்து வாங்குவார்கள். பொடி வைத்து ஊதும்போதும் அரம் போடும்போதும் கொஞ்சம் வெள்ளி போகும், அதற்குச் சேதாரம் என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். 1966இல் எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு எழுத வராது. இரவில் அவர் சொல்லச் சொல்ல நான் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வைப்பேன். நான்கு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, கொடுக்கும்போது ஒரு தராசு, வாங்கும்போது வேறொரு தராசு என்று புரிந்துபோயிற்று. அப்பா நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்கப் போனார். மறுநாள் அவருக்கு வெள்ளி நிறுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மற்றப் பட்டறைகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அப்பா செய்த தொழில் பிலிம் கழுவுவது.

இளைய வாசகர்களுக்கு இது தெரிந்திருக்காது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் கறுப்பாகத் தெரிவது எல்லாம் வெள்ளிதான். ஓடித் தேய்ந்த படங்களைப் பழைய சாமான் வியாபாரிகள் எடைக்கு வாங்கிக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். கொல்லையில் சிமெண்ட் தொட்டி. காரச் சோடா கரைத்த வெந்நீரில் சுருளை ஊறப் போட்டு மூங்கில் கழியால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கறுப்புத் தோல் கரியடுப்புச் சட்டியில் படிந்த கரிபோல இளகும். தேங்காய் நாரால் தேய்த்தால் படம் போய்விடும், கண்ணாடிபோல வெறும் நாடா மிஞ்சும். அதை வளையல் செய்பவர்கள் வாங்கிப் போவார்கள். தொட்டித் தண்ணீர் இரவெல்லாம் தெளிய வேண்டும். அடியில் படிந்த சேற்றை அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டி, காயவைத்து, வெண்காரம் போட்டு மூசையில் உருக்குவார். ஒரு மூட்டைப் பிலிமுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு வெள்ளி. அம்மாவின் கைகள் அந்தச் சோடாத் தண்ணீரில் வெந்து விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும்.

எந்த இடத்தில் வெள்ளி அதிகம் என்று அப்பாவுக்குப் பார்த்தாலே தெரியும். இரவுக் காட்சி, விரித்த கூந்தல், கறுத்த முகம். இவை விழுந்த சுருளைத் தனியாக எடுத்து வைப்பார். அவர் சோற்றுக்காகச் செய்தது. நானும் சாப்பிட்டு வளர்ந்தது அதில்தான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஈவ்லின் பிரீருடைய படங்கள் எத்தனை போய்விட்டன என்று பேத்தி படித்துக் காட்டியபோது, எனக்கு அந்தத் தொட்டித் தண்ணீரின் வாடை மூக்கில் ஏறியது.

ஈவ்லின் 1896 ஜூலை 26 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் இறந்த பிறகு தாயோடு சிகாகோ போனார். தாய் மிகுந்த பக்தி உள்ளவர். அவருடைய கிறிஸ்தவ சபைக்குக் கோவில் கட்டுவதற்காக ஈவ்லின் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்து பணம் திரட்டினார். மேடைப் பயிற்சி என்று அவருக்கு முதலில் கிடைத்தது அதுதான். 1919இல் மிஷோ தன் முதல் படமான 'தி ஹோம்ஸ்டெடர்' எடுத்தபோது அதில் நாயகனின் மனைவி ஓர்லீனாக நடித்தார். கறுப்பினத்தவர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. அப்போது ஈவ்லினுக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் மிஷோவின் படங்கள் ஒன்பது பத்தில் அவர்தான். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் கறுப்பினப் பெண்ணுக்கு என்ன வேடம் கிடைத்தது? துடைப்பமும் தட்டும் ஏந்திய வேலைக்காரி. ஈவ்லின் பிரீர் ஆசிரியையாக, மனைவியாக, குற்றம் சாட்டப்பட்டவளாக, காதலியாக, முழு மனுஷியாக நடித்தார். கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகைகள் அவரைத் திரையின் முதல் பெண்மணி என்று கொண்டாடின.

படம் மட்டும் பிழைப்புக்குப் போதவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இயங்கிய லஃபாயெட் பிளேயர்ஸ் என்ற கறுப்பின நாடகக் குழுவில் 1920 வாக்கில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். சிறுவர்களை வைத்து ஊர் ஊராக நாடகம் போட்ட நம் ஊர் பாய்ஸ் கம்பெனிக்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருப்பவர்களுக்கு அந்த வாழ்க்கை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழுவில் உடன் நடித்த எட்வர்ட் தாம்ப்சனை 1924இல் மணந்தார். 1926இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'லூலூ பெல்' நாடகத்தில் நடித்தார். ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் குழுவோடு பாடி இசைத்தட்டு கொடுத்தார். பேசும் படம் வந்தபோது 1929இல் குறும்படங்களில் பேசினார். 1932இல் மார்லீன் டீட்ரிச் நடித்த 'பிளாண்ட் வீனஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு சின்ன வேடம். பெயர் அட்டையில் அவர் பெயர் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு ஒரு படத்தையே தோளில் சுமந்தவர். அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நவம்பர் 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நிமோனியாவில் இறந்துபோனார். வயது முப்பத்தாறு.

ஏழு மாதக் குழந்தைக்குத் தாயின் முகம் நினைவிருக்குமா? அந்தக் குழந்தை வளர்ந்து கன்னியாஸ்திரீ ஆனார், பேராசிரியை ஆனார். சிஸ்டர் பிரான்செஸ்கா தாம்ப்சன் என்று பெயர். தன் தாயும் தந்தையும் நடித்த லஃபாயெட் பிளேயர்ஸ் குழுவின் வரலாற்றையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஈவ்லின் பிரீரைப் பற்றி இன்று நமக்குத் தெரிகிறவற்றில் பெரும்பங்கு அந்த மகள் தேடிச் சேர்த்தது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படங்களின் கதி வேறு. மிஷோ ஒவ்வொரு படத்துக்கும் சில பிரதிகளே எடுக்க முடிந்தது. அவற்றையே ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டினார். ஒவ்வோர் ஊர்த் தணிக்கையும் ஒவ்வொரு துண்டை வெட்டியது. 'தி ஹோம்ஸ்டெடர்' இன்று இல்லை. மிஷோவோடு ஈவ்லின் செய்த மௌனப் படங்களில் நாம் உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பது 'விதின் அவர் கேட்ஸ்' ஒன்றுதான். அதுவும் பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்து, 1970களில் ஸ்பெயின் நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா', அதாவது கறுப்புப் பெண், என்ற தலைப்போடு கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஸ்பானிய எழுத்துகளை மறுபடி ஆங்கிலமாக்கி 1993இல் படத்தைச் செப்பனிட்டது. நடுவில் ஒரு துண்டு இன்னும் இல்லை. அந்த இடம் வரும்போது கதையை எழுத்தில் சொல்லிக் கடக்கிறார்கள். ஸ்பெயினில் யாரோ ஒருவர் அந்தச் சுருளைத் தொட்டியில் போடாமல் அலமாரியில் வைத்ததால், செவ்வாய்பேட்டையில் நான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

இது தூர தேசத்துச் செய்தி, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. டி. பி. ராஜலட்சுமி நாயகி. அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை. மலையாளத்தின் முதல் நாயகி பி. கே. ரோசி தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரத்துத் திரையரங்கில் கல்லெறிந்தார்கள். உயிருக்குப் பயந்து தமிழ்ப் பகுதிக்கு ஓடி வந்து, தான் யார் என்று சொல்லாமலே வாழ்ந்து முடித்தார். அந்தப் படமும் இல்லை. அதை எடுத்த ஜே. சி. டேனியல் பெயரில் கேரள அரசு ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது, கொடுக்கட்டும், அவரும் பட்டவர்தான். ரோசியின் பெயரை நாம் அண்மையில்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் இன்னும் பொறுப்பு உண்டு என்பேன். ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காமல் யார் போகிறோம்? டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில்தான் மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். அவற்றில் கூட்டத்தில் நிற்க, தோழியாக நிற்க, விசிறி வீச எத்தனை பெண்கள் இந்த ஊர்த் தெருக்களிலிருந்து போனார்கள்! எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். ஒரு முறை அவர் நடித்த படம் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். அரசவைக் காட்சி வந்ததும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "இப்போது பார், தூணுக்குப் பக்கத்தில்" என்றார். நான் தூணைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. மணிக்கட்டில் அவர் விரல் பட்ட இடம் மட்டும் சிவந்திருந்தது. பெயர் அட்டையில் அவர் பெயர் வராது என்று எனக்கும் அப்போதே தெரியும்.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். முதலாவது, அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே புகைப்படத்தைப் போட்டு, அதன் கீழே ஈவ்லின் பிரீர் என்று அச்சிடுங்கள். இடம் இல்லையென்றால் பெயரை மட்டுமாவது போடுங்கள்.

இரண்டாவது என் சொந்த வேண்டுகோள். 1966இல் அப்பா தொட்டியில் போடவிருந்த ஒரு சுருளிலிருந்து நான் ஒரு துண்டை வெட்டி மறைத்து வைத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது அதிலிருந்த முகத்தைத் தண்ணீரில் விட மனம் வரவில்லை. மொத்தம் ஏழு கட்டம், அதாவது ஏழு ஃபிரேம். திருகாணிகள் போட்டு வைத்த தகர டப்பாவில் இத்தனை ஆண்டு இருந்தது. ஓரத்தில் ஒலிக்கான அலைக்கோடு ஓடுவதால் பேசும் படம்தான். பக்கத்துத் தெரு வரைக்கும் காட்டிக் கேட்டுவிட்டேன். எங்கள் தெரு அக்கா உயிரோடு இருந்தபோது கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நான் இல்லை. ஆனால் கூட நின்ற முகம்தான். வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்காருவாள்" என்றார். பெயர் அவருக்கு நினைவு வரவில்லை.

ஏழு கட்டத்தையும் பேத்தி பெரிதாக்கிப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறாள். தயவுசெய்து வெளியிடுங்கள். எண்பது, தொண்ணூறு வயதில் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். பழைய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டுடியோ வாசலில் எடுத்த புகைப்படம் வைத்திருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அடையாளம் தெரிந்தவர்கள் தங்கள் அலுவலக முகவரிக்கு எழுதினால் போதும், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அடையாளம்: இருபது வயதிருக்கலாம். கறுத்த முகம், அகன்ற நெற்றி, இடது மூக்கில் பெரிய பேசரி. வலது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன வடு. தலைக்குப் பின்னால் தூணின் விளிம்பு தெரிகிறது. முன்னால் யாரோ ஓர் அரசியின் கிரீட நுனி மட்டும் கீழ் மூலையில் இருக்கிறது. விநாடிக்கு 24 கட்டம் என்று கணக்குப் போட்டால் என்னிடம் இருப்பது விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் இரண்டு கட்டங்களில் அந்தப் பெண் நேரே பார்க்கிறாள். மூன்றாவதில் இமை இறங்குகிறது. நான்கும் ஐந்தும் மூடிய கண்கள். ஆறாவதில் பாதி. ஏழாவதில் மறுபடி நம்மைப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
செவ்வாய்பேட்டை, சேலம் - 2.